ஒரு ஆமெனுக்கு ஒரு வாரம்

ஆறுதல்புரத்துக் கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாசித்த ஜெபக்குறிப்புகள் பதினொன்று, அவற்றில் ஏழாவது பொன்னையாவின் கடைவாய்ப் பல்வலி, அதற்கு நாங்கள் வழக்கம்போலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டும் குழந்தைகளை அதட்டிக்கொண்டும் ஆமென் சொன்னோம், சொல்லி வாயை மூடுவதற்குள் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு என்று எங்கள் எல்லோருடைய கடைவாயிலும் ஒரு எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. நடுவரிசையில் இருந்த பொன்னையா மட்டும் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

மற்றப் பத்துக் குறிப்புகளில் பரீட்சை இருந்தது, விசா இருந்தது, முப்பத்திரண்டு வயதாகியும் அமையாத வரன் இருந்தது. அவற்றுக்குச் சொன்ன ஆமென் எப்போதும்போலக் கூரைவரை போய்ப் புறாக்களோடு தங்கிவிட்டது. வலிக்குச் சொன்னது மட்டும் எங்களிடமே திரும்பி வந்தது. அதை அற்புதம் என்று யாரும் சொல்லவில்லை, அற்புதம் என்றால் நமக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், இதில் கிடைத்தது பொன்னையாவின் பல்.

ஒரு மாதத்துக்குள் அதன் ஒழுங்கு எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. நோய் நோயாளியிடமே இருக்கும், வலி மட்டும் இடம் மாறும். ஒரு ஆமெனுக்கு ஒரு வாரம், அடுத்த வாரத்துக்கு அடுத்த ஆமென். எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை பங்கு. இருநூறு பேர் சொன்னால் எறும்பு, இருபது பேர் சொன்னால் தேள், ஒருவரே சொன்னால் முழுவதும் அவருக்கு. கோயிலில்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்லும் தங்கபுஷ்பம் டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததற்குச் சும்மா ஒரு ஆமென் போட்டு, அடுத்த நிறுத்தத்தில் இருவராகப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் யார், எந்த ஊர் என்றுகூட அவளுக்குத் தெரியாது, அந்த வாரம் முழுவதும் தெரியாத ஒருத்தியின் கல்லை வைத்துக்கொண்டு திண்டாடினாள். மஸ்கட்டில் இருந்த செல்வின் தன் அம்மாவின் முழங்காலுக்குப் போனில் ஆமென் சொல்லிவிட்டு, ஏழு நாள் கம்பெனிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான்.

சபைக் கமிட்டி கூடியது. கமிட்டி எதற்கும் கூடும். குணசீலன் ஐயர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத இளம் குருவானவர், தீக்காயம்பட்ட ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துத் தனியாக ஆமென் சொல்லிவிட்டு வந்து, ஞாயிறு திருவிருந்தில் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டதால், இனிமேல் ஐயர் குறிப்பை வாசிக்க மட்டும் செய்வார், ஆமென் சபையைச் சேர்ந்தது என்று தீர்மானம் எழுதினார்கள். குறிப்பு வாசிக்கும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சிலர் எழுந்து போனதால், அந்தப் பத்து நிமிஷம் கதவுகளைச் சாத்துவது என்றும் எழுதினார்கள். பேறுகால வலிக்கு ஆண்களும் ஆமென் சொல்ல வேண்டுமா என்பதில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சொன்னோம். ஓய்வுபெற்ற ஏட்டு அருமைநாயகம் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே இவ்வளவுதானா என்றார், பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி, இருநூத்துல ஒண்ணுவே அது, என்றாள்.

அந்த ஆறு மாதம் நாங்கள் நல்லவர்களாக இருந்தோம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தோளில் ஒரு குத்தல் வந்தால் அது நம்முடையதா, மேலத்தெரு ரூபாவதியுடையதா என்று தெரியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து நிற்போம், தெருவுக்கு வந்து எதிர்வீட்டில் கேட்போம், அவர்களும் அதே தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். மருந்துக்கடைக்காரர் யாருக்கு எதை விற்பதென்று தெரியாமல் குழம்பினார். ஊர் முழுக்க ஒரே உடம்பாகி, அந்த உடம்பு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல் புரண்டுகொண்டிருந்தது.

ஏழாம் மாதம் வேதமுத்து சார்வாளின் குறிப்பு வந்தது.

வேதமுத்து எங்கள் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், பதினெட்டு வருஷம் சபைச் செயலாளர், வேதத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவர், மனைவி போன பிறகு தாமே பொங்கித் தின்பவர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவர் சொன்ன உண்மையைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களும் இல்லை. பொன்னையாவின் அப்பா அடக்க ஆராதனையில், எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் குடித்துத்தான் செத்தார் என்று எழுந்து சொன்னவர். அது உண்மை. எங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய உண்மை ஒன்று ஆறாமல் இருந்தது.

அதில் பெரியது சுகிர்தத்துடையது. சுகிர்தம் மாவு மில் வைத்திருக்கிறவள், புருஷன் இல்லை, பியூலா என்று ஒரே மகள். பியூலாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ, மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. தாயும் மகளும் தவிர டாக்டருக்கு மட்டும் தெரியும் என்று சுகிர்தம் நினைத்திருந்தாள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார், கோயில் கட்டிய நாளிலிருந்து அந்த மூச்சில் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன், பியூலாவின் மூன்றாம் ஓலையில், வேதமுத்து எழுந்து நின்று, பெண்ணுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாருக்கு அது சொல்லப்படவில்லை, இது சபைக்குத் தெரிய வேண்டும் என்று, காலாண்டு அறிக்கை வாசிக்கும் அதே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் பாட்டு முடியும்வரைகூட இருக்கவில்லை. பியூலா அந்த மாதமே வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போனாள், பிறகு ஊருக்கு வரவில்லை. ஞாயிறு மதியம் போன் மட்டும் செய்வாள், சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா, அவ்வளவுதான்.

குறிப்பில் இருந்தது இவ்வளவே: இடுப்பெலும்பில் புற்று. வலி. வேதமுத்து. ஐயர் வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார். சாத்திய கதவுகளுக்குள் மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. இருநூறு பேர் சொன்னால் அதுவும் எறும்புக்கடிதான், எங்களுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்வாரா என்று தெரியாது, அவர் சொல்லாமல் நாம் மட்டும் சொல்லிவிட்டால் எலும்புப் புற்றின் வலி முழுவதும் நமக்கு, ஆகவே பக்கத்தில் இருப்பவர் நம் வாயைப் பார்த்தார், நாம் அவர் வாயைப் பார்த்தோம், பிறகு யார் முதலில் திரும்பியது என்று தெரியவில்லை, எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் இருந்த சுகிர்தத்தின் பக்கம் திரும்பின. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் அடுத்த குறிப்புக்குப் போனார்.

ஐந்து ஞாயிறு இப்படியே நடந்தது. எங்களுக்கு ஒரு நியாயம் கிடைத்திருந்தது, அது வசதியான நியாயம்: சுகிர்தத்துக்கு அந்த ஆள் செய்ததற்கு, அவள் சொல்லாதவரை நாம் எப்படிச் சொல்வது, சொன்னால் அவளுக்குத் துரோகம் அல்லவா. மில்லில் வரிசையில் நின்றுகொண்டு அவள் காதுபடவே இதைப் பேசினோம், அவளுக்காகப் பேசுகிறோம் என்றே நினைத்தோம். அருமைநாயகம் ஒருபடி மேலே போய், சுகிர்தம், நீ மட்டும் சொல்லிராத, எங்க எல்லாருக்கும் நீதான் தைரியம், என்றார்.

சுகிர்தம் அந்த வாரங்களில் ஓரிடத்தில் நிற்கவில்லை. எண்ணெய் போட்ட யந்திரத்துக்கு மறுபடி எண்ணெய் போட்டாள். மிளகாய் அரைக்கிற கல்லில் கோதுமையைக் கொட்டப் போய்க் கடைசி நிமிஷத்தில் கையை இழுத்துக்கொண்டாள். பாதி அரைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து வேதமுத்துவின் தெரு முனைவரை நடந்துவிட்டுத் திரும்பினாள். ஒன்பது வருஷம் அந்தக் கோபம் அவளுடையதாக மட்டும் இருந்தது, அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள், இப்போது ஊரே அதற்கடியில் வந்து மழைக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கி நின்றது, அது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாளாம். தங்கபுஷ்பம் அவளுடைய அண்ணன் மனைவி. வேதமுத்துவின் வீட்டுக்குள் நடந்ததை அவள் வழியாகத்தான் நாங்கள் அறிவோம்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சுகிர்தம் மில்லை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் வேதமுத்துவின் வீட்டுக்குப் போனாள். இரக்கப்பட்டுப் போகவில்லை. இனிமேல் குறிப்புக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனாள்.

அவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார், வாயில் துண்டின் நுனியைக் கடித்திருந்தார், அவளைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, உட்கார் என்றார், உட்கார நாற்காலியில் இடம் இல்லை, அதன்மேல் மருந்தும் வேத புத்தகமும் இருந்தன. அவள் நின்றுகொண்டே சொல்ல வந்ததைச் சொன்னாள். வாராவாரம் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், யாரும் ஆமென் சொல்லப் போவதில்லை, பிறகு எதற்கு அந்தத் தாள் என்று கேட்டாள்.

"வலிக்கு," என்றார் வேதமுத்து. "வலிக்கலைன்னு நான் எழுத முடியுமா?"

அப்புறம் அவரால் பேச முடியவில்லை. வலி வந்து அவரை வில்லாக வளைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, துண்டை எட்டிப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சுகிர்தம் இருபது வருஷம் ஒரு பிள்ளையின் உடம்பு இப்படி வளைவதைப் பார்த்தவள். அவள் கை அவளைக் கேட்காமல் போய் அவர் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பியது, தலைக்கடியில் தலையணையைச் சரித்தது, முகவாயைத் துடைத்தது. துடைத்த பிறகுதான் யாருடைய முகவாய் என்று பார்த்தாள், பார்த்துக் கையை எடுத்துச் சேலையில் தேய்த்துக்கொண்டாள்.

வலி கொஞ்சம் தளர்ந்ததும் அவர் அவள் என்ன நினைக்கிறாள் என்பதைக் கண்டுகொண்டார். எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கண்டவர்.

"வேண்டாம் சுகிர்தம். உனக்கு என்மேல அன்பு கிடையாது. அன்பில்லாம சொன்னா அது பொய்யாயிரும்."

"கிடையாதுதான் சார்வாள்," என்றாள். "கர்த்தர் சத்தியமா உங்கமேல எனக்கு அன்பு கிடையாது. இருக்குன்னு நான் சொல்லவும் இல்லை. ஆமென்."

வலி அன்பைப் பற்றி விசாரிக்கவில்லை. நேராக வந்தது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த மருந்துகளோடு கீழே உட்கார்ந்தாள். வேதமுத்து கட்டிலில் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தொங்கவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்ல இருந்தது உண்மைதானா என்று தெரியாமல்போல மூடிக்கொண்டார். அவளை எழுப்பித் தெரு முனைவரை கொண்டுவிட்டவர் அவர்தான், ஆறு வாரமாகப் படுத்த படுக்கையாக இருந்த மனிதர் மாவு அப்பிய ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து நாங்கள் வாசல்களுக்கு வந்தோம், என்ன நடந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு தங்கபுஷ்பம் சுகிர்தத்தின் பெயரில் குறிப்புக் கொடுத்தாள். சுகிர்தத்தின் இடுப்பு வலிக்காக என்று ஐயர் வாசித்து முடிக்கும் முன்பே எங்கள் ஆமென் எழுந்தது, அப்படி ஒரு ஆமெனை அந்தக் கோயில் கேட்டதில்லை, புறாக்கள் சன்னல் வழியே வெளியேறின, இருநூற்றுப் பதின்மூன்று பேர் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்தோம், சுகிர்தம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் வேதமுத்து இருந்தார், அவரும் இடுப்பைப் பிடித்ததைப் பொன்னையா பார்த்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், கைகளைக் குலுக்கிக்கொண்டோம், அன்று திருவிருந்துக்குப் போனபோது எங்கள் நடையே வேறாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அருமைநாயகத்துக்கு உறைத்தது. இடுப்பில் கை வைத்தபடி, "ஏய், இது அந்தாளு வலில்லாவே," என்றார்.

தெரு முனையில் பார்த்திருந்தும், சுகிர்தத்தின் பெயரைக் கேட்டபோது அது நினைவில் இல்லை, அவர் சொன்னதும்தான் எங்களுக்கும் உறைத்தது. ஐந்து ஞாயிறு வாயைக் கட்டிக்கொண்டு எதைத் தள்ளினோமோ அதைத்தான் சுகிர்தத்தின் பெயரில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். சிலர் சிரித்தார்கள். அதிகம் பேர் சிரிக்கவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்றார்கள், அவளுக்கென்றுதானே சொன்னோம் என்றார்கள். வலி சின்னதுதான், எறும்புக்கடிதான், ஆனால் அன்று மதியம் யாருக்கும் படுக்க முடியவில்லை, வீட்டுக்குள் நடந்தோம், அந்த ஆள் சொன்ன பழைய உண்மைகள் ஒவ்வொன்றாக இடுப்பில் குத்தின.

சுகிர்தம் ஒவ்வொரு ஞாயிறு காலையும் கோயிலுக்கு வரும் வழியில் வேதமுத்துவின் வாசலில் நின்றாள். அவர் இந்த வாரம் வேண்டாம் என்பார், அவள் ஆமென் சொல்லிவிட்டுக் குனிந்தபடி கோயிலுக்கு வருவாள். இரண்டாம் வாரம் அவளுடைய குறிப்புக்கு நூற்று நாற்பது குரல்தான் இருந்தது. மூன்றாம் வாரம் அறுபது இருக்கும், கடி கொஞ்சம் பலமாக இருந்தது. நான்காம் வாரம் பதினேழு பேர், அதில் ஒருவன் பொன்னையா, அவனால் மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை. ஐந்தாம் வாரம் சுகிர்தமே அண்ணன் மனைவியிடம், மயினி, இனிமே குறிப்புக் குடுக்காண்டாம், என்று சொல்லிவிட்டாள். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அது நிம்மதிபோல இருந்தது, நிம்மதி அல்ல. ஒவ்வொருவரும் ஒரு வேலையும் இல்லாமல் அரை ஆழாக்கு உளுந்தை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தோம்.

அவள் கோதுமை மூட்டையில் சாய்ந்து நின்றபடி யந்திரத்தை ஓட்டினாள், வலி வரும்போது பட்டை ஓடும் சத்தத்துக்குள் வாயைத் திறந்து கத்திக்கொண்டாள், யந்திரம் ஓடும்போது யாருக்கும் கேட்காது.

அப்படி ஒருநாள் வேதமுத்துவே ஒரு தகர டப்பாவில் கோதுமையோடு வரிசையில் வந்து நின்றார். நாங்கள் முன்னால் விட்டோம், அவர் போகவில்லை, முறைப்படிதான் வந்தார். அவர் முறை வந்ததும், அன்றைக்குக் கோயிலில் நான் சொன்னது உண்மை, என்று ஆரம்பித்தார். சுகிர்தம் உண்மைதான் என்றாள். யந்திரத்தை நிறுத்தினாள்.

"அந்த உண்மைய எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே சார்வாள். எங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு."

வேதமுத்து டப்பாவை அவளிடம் நீட்டினார். அவர் சாக்குச் சொல்லத் தெரியாதவர்.

"எனக்குத் தோணவே இல்லை," என்றார்.

அவள் கோதுமையை வாங்கிக் கொட்டினாள். அரைத்து முடியும்வரை அவர் அங்கேயே நின்றார், மாவை வாங்கிக்கொண்டு போகும்போது சூடான டப்பாவை மார்போடு அணைத்திருந்தார், எதையோ முதல்முறையாகத் தூக்கிப் பார்ப்பவர்போல.

ஆறாவது வாரம், ஞாயிறு அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பியூலாவிடமிருந்து போன் வந்தது. தங்கபுஷ்பம் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மில்லில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம், சுகிர்தத்தின் கை முழுக்க மாவு, தங்கபுஷ்பம்தான் போனைச் சத்தமாக வைத்து மூட்டைமேல் வைத்தாள், யந்திரம் நின்றது, ஆகவே நாங்கள் கேட்டோம். கேட்காமல் வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

பியூலா சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. அந்த ஆள் வலியை நீயா வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். சுகிர்தம் ஆமாம் என்றாள்.

"மன்னிச்சிட்டியாம்மா அவர?"

"தெரியல. இடுப்பு வலிக்கி."

அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அவர் எழுந்திரிச்சு நின்னது என் கல்யாணத்துலம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா?"

சுகிர்தம் மூட்டையிலிருந்து நிமிர்ந்தாள். வேதமுத்து நின்ற இடத்தை ஒருமுறை பார்த்தாள், அங்கே இப்போது யாரும் இல்லை. தோணல ட்டி, என்றாள், ரொம்ப மெல்ல.

"ரொம்ப வலிக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"வலிக்கி."

அந்தப் பக்கம் குழாய்களை எடுத்து வைக்கும் சத்தம் மறுபடி கேட்டது. ஒன்பது வருஷம் சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா என்பதற்குப் பின்னால் வைத்திருந்ததையெல்லாம் அவள் அந்த இடைவெளியில் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. பிறகு, சாப்பாட்டு ஜெபத்தின் முடிவில் சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோல் வெறுமனே, ஆமென் என்றாள்.

சுகிர்தத்தின் முகத்தில் இறுக்கம் விட்டது. ஒன்பது பத்து நாளில் முதல் தடவையாக அவள் முதுகு நேரானதை நாங்கள் பார்த்தோம், நேரான அதே நொடியில் அவள் போனின் மேல் பாய்ந்ததையும் பார்த்தோம். அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம், பல்லைக் கடித்த ஒரு மூச்சு. தன் இடுப்பில் இருந்தவரை அது அவளுக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது, இப்போது இந்த லேசான உடம்போடு அவளால் ஒரு கணம் நிற்க முடியவில்லை, ஏட்டி வேண்டாம், குடுத்துரு, என் பிள்ளைக்கு வலிக்கி, ஆமென், என்றாள், சொன்னதும் அது திரும்பி வந்து அவளை மூட்டைமேல் மடித்துப் போட்டது.

"எம்மா," என்றாள் பியூலா. "ஆமென்."

சுகிர்தம் நிமிர்ந்தாள். ஆமென், என்றாள், மடிந்தாள். அந்தப் பக்கம் ஆமென், நிமிர்ந்தாள். விடுட்டி. நீ விடும்மா. ஆமென். ஆமென். வடக்கே எங்கேயோ ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் ஆறுதல்புரத்து மாவு மில்லுக்கும் நடுவே, இரண்டு பேரில் யாருக்கும் பிடிக்காத ஒரு மனிதரின் வலி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்ள, போய்ப் போய்த் திரும்பியது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது, ஆனாலும் ஒருத்தியும் விடவில்லை. மூன்றாவது தெருவில் வேதமுத்து அந்த நேரம் வாசல் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து தன் கோதுமை மாவில் தானே சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாராம், ஒன்றும் அறியாமல்.

நாங்கள் பாத்திரங்களோடு வரிசையில் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அது யாருடைய வலி, இப்போது யாரிடம் இருக்கிறது, சொன்னால் எத்தனை பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் நின்ற அருமைநாயகம், அந்த வலியோடு ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்பதால், தன் கோதுமையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.